சொக்கநாதர் கூலி பெற்ற ஊர்

மதுரையில் சிவபெருமான் செய்யாத தொழில் இல்லை என்றே சொல்லலாம். விறகுக் கட்டைத் தலையில் சுமந்து தெருத்தெருவாய் விற்றார். வளையல் வணிகராய் வந்து மங்கையர் கைகளில் வளையல் அணிவித்தார். அரசன் இறந்து மகுடமும் களவு போன வேளையில், மாணிக்க வணிகராய் வந்து இளவரசனின் முடிக்கு நவமணிகள் தந்தார். சுற்றத்தார் சொத்தைப் பறித்துக்கொண்டு ஓர் இளம்பிள்ளையைத் தவிக்கவிட்டபோது, அந்தப் பிள்ளையின் தாய்மாமனாக மன்றத்தில் நின்று வழக்குரைத்தார். வைகை கரையுடைத்த நாளிலோ, பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் மூதாட்டியின் பங்குக்காகக் கூடையும் மண்வெட்டியும் ஏந்தி மண் சுமந்தார். அதற்கு அவர் பேசிக்கொண்ட கூலி, உதிர்ந்த பிட்டு.

பிற தலங்களில் இறைவன் வரம் தந்த கதைகள் மிகுதி. மதுரையில் அவர் வேலை செய்த கதைகள் மிகுதி. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தை ஊன்றிப் படிப்பவர்க்கு இது விளங்கும். ஆவணி மூலத் திருநாளில் ஆரப்பாளையம் புட்டுத்தோப்புக்குச் சுந்தரேசுவரர் எழுந்தருளி மண் சுமக்கும் லீலை இன்றும் நடைபெறுகிறது. அதைக் காணத் திருப்பரங்குன்றத்து முருகப்பெருமானும் திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் மதுரைக்கு வருகிறார்கள். பாண்டியன் ஓங்கிய பிரம்படி அண்டசராசரம் அனைத்தின் முதுகிலும் விழுந்தது என்பது புராணம். உழைப்பவன் முதுகில் விழும் அடி எல்லோர் முதுகிலும் விழும் அடிதான் என்று ஓர் ஊர் ஆண்டுதோறும் திருவிழா எடுத்து நினைத்துக்கொள்கிறது.

இத்தகைய ஊரில், இன்று வீட்டுக்கு வீடு ஒரு வழக்கு நடக்கிறது. பெரிய வீடு; அதில் வயதான தம்பதியர் இருவர் மட்டும். மகன் சென்னையில், மகள் பெங்களூரில், பேரன் அமெரிக்காவில். "அங்கே என்னப்பா வாழ்க்கை இருக்கிறது? இங்கே வந்துவிடேன்" என்று தொலைபேசியில் தந்தை கேட்கிறார். "இங்கே வாழ்க்கை இல்லைதான் அப்பா, ஆனால் அங்கே வேலை எங்கே இருக்கிறது?" என்று மகன் திருப்பிக் கேட்கிறான். இரண்டும் நியாயமான கேள்விகளே. இவற்றை எடுத்துக்கொண்டு மதுரையை ஒரு சுற்றுச் சுற்றிவருவது பயனுள்ளது.

முதலில் ஊரின் அளவு. 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் மதுரை மாநகராட்சியின் மக்கள் தொகை 10 லட்சத்தைச் சற்றே தாண்டியது. அப்போது சென்னை 46 லட்சம். சென்னைக்கு அடுத்து, 1971இல் மாநகராட்சியான ஊர் இது. பெருநகரமும் அன்று, சிற்றூரும் அன்று. கோயிலை நடுவில் வைத்து, ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று சதுரத்துக்கு வெளியே சதுரமாக விரிந்த அமைப்பு. ஊருக்குப் புதிதாக வந்தவர் வழி கேட்டால், மதுரைக்காரர் மாதத்தின் பெயரைச் சொல்லித்தான் வழி காட்டுவார். பஞ்சாங்கமே நகரின் வரைபடமாக இருக்கும் ஊர் இதைப் போல வேறொன்று உண்டா என்பது ஐயமே.

மாசி வீதிகளுக்கு அப்பால் உள்ள வெளி வீதிகள், நாயக்கர் காலக் கோட்டை மதிலும் அகழியும் இருந்த இடங்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், ஊர் மூச்சுமுட்டிக் கிடப்பதைக் கண்டு மதிலை இடிக்கச் செய்தார். அப்பணியில் உடனிருந்தவர்களின் பெயர்களே மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று இன்றும் வழங்குகின்றன. ஒரு மேஸ்திரியின் பெயரில் நகரின் நடுவே நீண்ட வீதி அமைந்திருப்பது, கூலியாளாய் இறைவன் வந்த ஊருக்குப் பொருத்தமானதே. பிளாக்பர்ன் நினைவாக எழுந்த விளக்குத்தூணை இன்று ஜவுளி வாங்க வருபவர்கள் பேருந்து நிறுத்தமாக மட்டுமே அறிவார்கள்.

இந்த அளவினால் வரும் நன்மை காசைவிடக் காலத்தில்தான் தெரியும். பெருநகரத்தில் ஒருவர் அலுவலகம் செல்ல ஒன்றரை மணி நேரம், திரும்ப ஒன்றரை மணி நேரம் என்று செலவிடுவதாகக் கொள்வோம். வாரத்தில் 6 நாள்களுக்கு 18 மணி. 50 வாரங்களுக்கு 900 மணி. அதை 24ஆல் வகுத்தால் 37 நாள்களுக்கு மேல். ஒரு மண்டல விரதத்தின் முக்கால் பங்குக்கும் அதிகமான நாள்களை ஆண்டுதோறும் சாலைக்குக் காணிக்கையாக்குகிறார் அவர். மதுரையில் சிம்மக்கல், கோரிப்பாளையம் பகுதிகளில் மாலை வேளை நெரிசலைச் சபிக்காதவர் இல்லை. ஆனாலும் அலுவலகம் முடித்து, வீடு சென்று முகம் கழுவி, நடை சாத்துமுன் அம்மனைத் தரிசித்துத் திரும்பிவிடலாம். இரவு பள்ளியறைப் பூசைக்குச் சொக்கரின் திருவடிகள் பல்லக்கில் அம்மன் சந்நிதிக்கு எழுந்தருளும்போது, நாள் முழுவதும் கடையில் நின்ற களைப்போடு தூணோரம் கைகூப்பி நிற்பவர்களைக் காணலாம். விடுமுறை எடுத்து வந்த யாத்திரிகர்கள் அல்லர் அவர்கள். அன்றாடம் வேலை முடித்து வருபவர்கள்.

கோயிலும் தொழிலும் இங்கு எதிரெதிர்த் திசையில் நின்றதே இல்லை. கிழக்குக் கோபுரத்துக்கு எதிரில் திருமலை நாயக்கர் எழுப்பிய புதுமண்டபத்தில், சிற்பத் தூண்களுக்கு நடுவே தையற்காரர்கள் நெடுங்காலம் எந்திரம் மிதித்து வந்தார்கள். வெளிநாட்டார் காலையில் அளவு கொடுத்துவிட்டுத் தரிசனமும் ஊர்சுற்றலும் முடித்து மாலையில் சட்டையை வாங்கிப் போவார்கள். சுவாமி அலங்காரத் துணி, வளையல், பூசைப் பாத்திரம், பக்திப் புத்தகம் யாவும் அங்கே கிடைத்தன. மண்டபத்தின் பாதுகாப்புக்காக, சில ஆண்டுகளுக்கு முன் அக்கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறின. சிற்பங்கள் மூச்சு விட்டன, அது வேண்டியதே. ஆயினும் தையல் எந்திரத்தின் சடசடப்பு இல்லாத புதுமண்டபம், பழைய மதுரைக்காரர்களுக்குச் சற்று வெறிச்சென்றுதான் தோன்றுகிறது. தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக்கடைகளும், வெங்கலக்கடைத் தெருவில் பாத்திரக் கடைகளும் இன்றும் பெயருக்கும் மரபுக்கும் ஏற்ப நடக்கின்றன.

நாயக்கர் காலத்தில் இங்கே வேரூன்றிய சௌராஷ்டிர நெசவாளர் சமூகம் சுங்குடிச் சேலையைத் தந்தது. துணியைச் சிறு சிறு புள்ளிகளாகக் கிள்ளி நூலால் முடிந்து, சாயத்தில் தோய்த்து, பின் முடிச்சவிழ்த்தால் வெண்புள்ளிகள் மலரும். முடிச்சிடும் வேலையைப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தே செய்தார்கள். வைகை நீரில்தான் சாயம் பொலிவு பெறும் என்பது அவர்கள் நம்பிக்கை. 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் குறியீடு கிடைத்ததால் மட்டும் முடிச்சிடும் கைகள் பெருகிவிடவில்லை. அச்சிட்ட புள்ளிகள் மலிவாகக் கிடைக்கையில், ஆயிரக்கணக்கான புள்ளிகளை விரலால் முடிவதற்கு எந்தப் பேத்தி அமர்வாள்? இந்தத் தொழிலை வாழவைக்க விரும்புவோர், அசல் சுங்குடிக்கு உரிய விலையைக் கொடுத்து வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

மல்லிகையின் கதை வேறு. 2013இல் மதுரை மல்லிக்கும் அதே குறியீடு வந்தது. அதற்கு முன்பும் பின்பும் அதன் அரசாட்சி குறையவில்லை. செடிக்கன்று ராமநாதபுரம் பக்கம் தங்கச்சிமடத்திலிருந்து வருகிறது; உசிலம்பட்டி, நிலக்கோட்டை, திருமங்கலம் சுற்றுவட்டாரச் செம்மண்ணில் வளர்கிறது. விடியுமுன் மொட்டாகவே பறிக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் மொட்டின் உறுதி போய்விடும். பறித்த மொட்டு மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு வந்து சேரும்போது ஊர் காபி குடித்துக்கொண்டிருக்கும். மார்கழி, தை மாதப் பனியில் விளைச்சல் சுருங்க, அதே நாள்களில் பொங்கலும் முகூர்த்தமும் வந்து நிற்க, கிலோ விலை ஆயிரங்களில் ஏறும். ஆனி, ஆடியில் பறிகூலிக்கே கட்டாது. ஒரே பூ ஒரு மாதம் உழவனைச் சிரிக்க வைத்து மறு மாதம் அழ வைக்கும். சந்தையிலிருந்து ஒரு பங்கு வாழைநாரில் சரமாகித் தெருமுனைக்குப் போகிறது. ஒரு பங்கு விமானமேறி வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறது. ஒரு பங்கு அம்மனின் திருமேனியைச் சேர்கிறது. பறிப்பவர், சுமப்பவர், தரகர், கட்டுபவர், விற்பவர் என்று ஒரு முழம் பூவுக்குள் எத்தனை குடும்பங்களின் அடுப்பு எரிகிறது என்பதைப் பூ வாங்குவோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

நவராத்திரி நெருங்கினால் திருப்பரங்குன்றத்துக்கு அருகில் உள்ள விளாச்சேரிக்குப் போக வேண்டும். வீடுதோறும் மண்ணும் காகிதக் கூழும் தெய்வங்களாகிக்கொண்டிருக்கும். முற்றத்தில் கண் திறக்கப்படாத நூறு மீனாட்சிகள் வரிசையாக வெயில் காய்வதைக் காண்பது தனி அனுபவம். தமிழகத்தின் பல கொலு வீடுகளுக்குப் பொம்மைகள் செல்வது இந்தச் சிற்றூரிலிருந்துதான்.

இவையெல்லாம் பழைய தொழில்கள். படித்த பிள்ளைக்கு இவற்றில் என்ன இடம் என்று அந்த மகன் கேட்கக்கூடும். அவனுக்கு ஒரு மருத்துவரின் வரலாற்றைச் சொல்லலாம்.

டாக்டர் கோ. வெங்கடசாமி 1918இல் எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரம் என்னும் சிற்றூரில், உழவர் குடும்பத்தில் பிறந்தவர். மருத்துவம் படித்து ராணுவத்தில் பணியாற்றியபோது முடக்குவாதம் தாக்கியது. விரல்கள் கோணிக்கொண்டன, பிரசவ மருத்துவராகும் எண்ணத்தைக் கைவிட நேர்ந்தது. கண் மருத்துவம் பயின்றார். வளைந்த அந்த விரல்களுக்கே கத்தி பிடிக்கப் பயிற்சி தந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைத் தம் கையால் செய்தார். மதுரை அரசு மருத்துவமனையில் கண் பிரிவின் தலைவராக இருந்து, 58 வயதில் ஓய்வு பெற்றார்.

பெரும்பாலோர் சாய்வு நாற்காலி வாங்கும் வயது அது. அவரோ 1976இல், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை மதுரையில் தொடங்கினார். அரவிந்தரிடமும் அன்னையிடமும் கொண்ட பக்தியால் அப்பெயரை இட்டார். கட்டடத்துக்குப் பணம் திரட்ட வீட்டை அடமானம் வைத்தார். குடும்ப நகைகள் ஈடுக்குப் போயின. உடன்பிறந்தார், அவர்தம் துணைவர் என்று குடும்பத்துக் கண் மருத்துவர்கள் பலர் அவரோடு வந்து சேர்ந்தனர். பணம் உள்ளவர் தரும் கட்டணத்திலிருந்து, இல்லாதவர்க்கு இலவசமாகப் பார்வை, இதுவே கணக்கு. அந்தக் கணக்கு நடக்காது என்று சொன்னவர்கள் பலர். நடந்தது. பின்னாளில் அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளி அதைப் பாடமாக்கிப் படித்தது. கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை வில்லை வெளிநாட்டிலிருந்து வந்து எளியோர்க்கு எட்டாத விலையில் இருந்தபோது, 1992இல் ஆரோலேப் என்ற ஆலையை மதுரையிலேயே அமைத்து, விலையை எட்டும் அளவுக்கு இறக்கினார்கள். இன்று அந்த வில்லைகள் பல நாடுகளுக்குச் செல்கின்றன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தப் பணிக்குத் தலைநகரம் தேவைப்படவில்லை. உண்மையில், தலைநகரமாக இருந்திருந்தால் இது இவ்வாறு அமைந்திருக்குமா என்பதே கேள்வி. பார்வையற்றோர் இருந்தது சுற்றியுள்ள கிராமங்களில். முகாம் நடத்தி, பேருந்தில் ஏற்றி வந்து, அறுவை முடித்து, திரும்பக் கொண்டுவிட ஒரு மணி, இரண்டு மணிப் பயணத்தில் ஊர்கள் இருந்தன. பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களைச் சேர்த்து ஈராண்டு பயிற்சி தந்து, மருத்துவமனையின் முதுகெலும்பாக ஆக்கினார்கள். வயலுக்கும் நகருக்கும் இடையே தூரம் குறைந்த ஊரில்தான் இது கைகூடும். 2006இல் அந்த மருத்துவர் மறைந்தார். மதுரை அண்ணா நகரில் இன்றும் காலை நேரத்தில் பார்த்தால், பச்சைத் துணிக் கட்டோடு கிராமத்து முதியவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றி வரிசையாகப் போவது தெரியும்.

இன்னொன்றும் சொல்லத் தகும். தென்மாவட்டத்து மக்கள் உயர்நீதிமன்ற வழக்குக்காக இரவெல்லாம் ரயிலில் சென்னைக்குப் போன காலம் 2004 ஜூலை 24 அன்று முடிவுக்கு வந்தது. அன்று மதுரைக் கிளை திறக்கப்பட்டது. அது அமைந்த இடம் ஒத்தக்கடையில், யானைமலைக்கு அருகில். மலையின் அடிவாரத்தில் பாண்டியர் காலக் குடைவரையில் யோக நரசிம்மர் வீற்றிருக்கிறார். வழக்கறிஞர் பலர் ஊர் திரும்பினர். அவர்களோடு தட்டச்சர், குமாஸ்தா, உணவகம், விடுதி என்று ஒரு பிழைப்பு வரிசையே எழுந்தது. தாய்மாமனாக வந்து இறைவன் வாதாடிய ஊருக்கு நீதிமன்றம் வந்து சேர இத்தனை காலம் ஆனதுதான் வியப்பு.

எனினும் மகனின் பக்கத்து நியாயத்தை மறைப்பது அறமாகாது. 1911இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய நிறுவனம் மதுரையிலிருந்து நாடெங்கும் பரந்தது. ஹார்வி சகோதரர்களின் மதுரை ஆலை தலைமுறைகளுக்குச் சோறு போட்டது. பாத்திமா, லேடி டோக், அமெரிக்கன், மதுரை, தியாகராசர் என்று கல்லூரிகள் நிறைந்த ஊர். 1966இல் பல்கலைக்கழகமும் வந்தது. படிக்க வைக்கும் வசதிக்கு ஈடாக, படித்தவர்க்கு வேலை பெருகவில்லை. இலந்தைகுளத்திலும் வடபழஞ்சியிலும் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் அமைந்தன. அவை இன்னும் ஒரு தலைமுறையை ஊரில் நிறுத்தி வைக்கும் அளவுக்கு வளரவில்லை. தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டு, கட்டுமானம் தொடங்கவே ஆண்டுகள் பல கடந்தன. பொறியியல் முடித்த பிள்ளைக்கு இங்கே கிடைக்கும் ஊதியம் அங்கே கிடைப்பதைவிடக் குறைவு. பெற்றோர் இதை ஒப்புக்கொள்ளாமல் "அம்மன் பார்த்துக்கொள்வாள்" என்று மட்டும் சொன்னால் பிள்ளை சிரிப்பான். வாடகை, பயணம், பள்ளிக் கட்டணம் கழித்துக் கையில் நிற்பது எவ்வளவு என்று இருவரும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துப் பேசுவதே முறை. சில தொழில்களில் அந்த வேறுபாடு எதிர்பார்த்ததைவிடச் சிறியதாக இருக்கும். சிலவற்றில் மிகப் பெரியதாகவே இருக்கும்.

வெயிலையும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் மதுரைக்காரரே கோபித்துக்கொள்வார். சித்திரை, வைகாசியில் கல்தரை காலைச் சுடும். ஆண்டில் பல மாதங்கள் வைகையில் மணலும் கருவேலமும் கழிவுநீரும்தான். அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட வேண்டியிருக்கிறது. சம்பந்தப் பெருமான் இட்ட ஏடு எதிர்நீச்சல் இட்டுத் திருவேடகம் சேர்ந்த ஆறு இது. அந்த ஆற்றில் இன்று கழிவை விடுவது நாமே அன்றி வேறு யாருமல்லர்.

மனிதர்க்கு மனிதர் வைத்த தடையையும் இவ்வூர் அறியும். இறைவன் கூலியாளாய் மண் சுமந்த கதையைப் பாடிக்கொண்டே, மண் சுமந்து பிழைத்த மக்களைக் கோயில் வாயிலில் நிறுத்தி வைத்தார்கள். 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் அவர்களை உடன் அழைத்துக்கொண்டு மீனாட்சி சந்நிதிக்குள் நுழைந்தார். எதிர்ப்பு கடுமையாக இருந்தது, அவர் கலங்கவில்லை. 1921 செப்டம்பரில் மேல மாசி வீதி இல்லத்தில் தங்கி, ஏழை உழவனின் உடையைத் தம் உடையாக ஏற்ற காந்தியடிகள், எல்லோருக்கும் கதவு திறந்த பிறகு, 1946இல்தான் இக்கோயிலுக்குள் வந்தார். ஓர் ஊர் வாழத் தக்கதா என்பதற்கு வேலையும் வாடகையும் மட்டும் அளவுகோல் அல்ல. அது யாரையெல்லாம் உள்ளே விடுகிறது என்பதும் அளவுகோல்தான்.

ஊரை விட்டு வெளியே இருபது, முப்பது நிமிடம் சென்றால் வயல்வெளி வந்துவிடுவது பெருநகரத்தார்க்குக் கிடைக்காத பேறு. கிழக்கே திருமோகூரில் காளமேகப் பெருமாள், அப்பால் மாணிக்கவாசகர் அவதரித்த திருவாதவூர், வடக்கே அழகர்மலையும் பழமுதிர்சோலையும், மேற்கே வைகைக் கரையில் திருவேடகம், தென்கிழக்கே திருப்பூவணம். ஒரு நாளில் மூன்று தலங்களைத் தரிசித்து இரவு உணவுக்கு வீடு திரும்பலாம். மூட்டுவலி உள்ளவர்கூட அஞ்ச வேண்டியதில்லை. அழகர்கோவில் போன்றவற்றுக்கு நகரப் பேருந்தே உண்டு.

மேலூர்ப் பக்கத்து நெல்வயல்களின் பசுமைக்கு 1895இல் திறக்கப்பட்ட பெரியாறு அணை காரணம். மேற்கே கேரளத்துக் கடலுக்கு ஓடிய நீரை, பென்னிகுவிக் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். பஞ்சத்தில் கிடந்த சீமைக்குச் சோறு வந்தது. அவர் படத்துக்கு இன்றும் உழவர்கள் மாலையிடுகிறார்கள். திருப்பூவணத்துக்கு அருகில் கீழடியில் 2015 முதல் நடந்த அகழாய்வில் தக்களிகளும், நெசவுக்குரிய எலும்புக் கருவிகளும், விளையாட்டுக் காய்களும் கிடைத்தன. 2,500 ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சமவெளியில் மக்கள் நூல் நூற்றார்கள், நெய்தார்கள், வேலை முடிந்து தாயமும் ஆடினார்கள். 2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகத்தில் அவற்றைப் பேரப்பிள்ளைகளோடு சென்று காணலாம்.

பேரப்பிள்ளைகள் வருவது பெரும்பாலும் சித்திரையில். திருக்கல்யாணத்தன்று மதுரை வீடுகள் எல்லாமே கல்யாண வீடுகள். பெண்ணைத் தாரை வார்க்கத் திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் வருகிறார். உடன் முருகன் தெய்வானையோடு வருகிறார். சந்நிதியில் திருநாண் பூட்டும் அதே வேளையில், வீட்டுப் பெண்கள் தம் தாலிச் சரடைப் புதிதாக மாற்றிக்கொள்கிறார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் மொய் எழுதாமல் போவதில்லை; மீனாட்சிக்கும் சொக்கருக்கும் மொய் எழுதிச் சீட்டுப் பெறும் வரிசையில் கோடீசுவரரும் கூடை பின்னுபவரும் முன்பின்னாக நிற்பார்கள். சேதுபதி பள்ளியில் விருந்து நடக்கும். எந்த ஊரில் வேலை செய்தாலும் அந்நாளுக்கு வந்து சேர்பவர்கள் பல்லாயிரவர். வர இயலாதோர் அங்கேயே அம்மனை அமைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டனுக்கு அருகில் பியர்லாந்தில் மீனாட்சிக்குக் கோபுரத்தோடு கோயில் எழுந்து நெடுங்காலமாகிறது. அங்கே வாழ்பவரிடம் "ஊர் நினைவே இல்லையா?" என்று கேட்பது எவ்வளவு கொடுமை என்பதை அக்கோபுரம் சொல்லும்.

மதுரையில் கைவிடப்பட்டவை எல்லாம் கைவிடப்பட்டே போய்விடவில்லை என்பதற்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் சான்று. 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வெட்டிய குளம். வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து எழுந்தவர்தான் இன்று சுவாமி சந்நிதிக்குச் செல்லும் வழியில் அமர்ந்துள்ள முக்குறுணிப் பிள்ளையார் என்பார்கள். விநாயக சதுர்த்தியன்று அவருக்கு முக்குறுணி, அதாவது 18 படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை. அந்தத் தெப்பக்குளம் பல ஆண்டுகள் வறண்டு, பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் மைதானமாய்க் கிடந்தது. தைப்பூசத் தெப்பம் மிதக்க வழியின்றி நிலைத்தெப்பமாக நின்ற ஆண்டுகளும் உண்டு. பின்னர் வைகையிலிருந்து வரும் பனையூர்க் கால்வாயைச் சீர்செய்து நீர் கொணர்ந்தார்கள். குளம் நிறைந்தது, சுற்றுப்புறக் கிணறுகளிலும் நீர் ஊறியது.

இப்போது மாலை வேளைகளில் குளத்தைச் சுற்றி நடப்பவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள்; மீதிப் பேர் வேலை முடிந்து வந்தவர்கள். படித்துறையில் அவித்த கடலையும் சுண்டலும் விற்கிறார்கள். இரவில் பருத்திப்பால் வண்டி வருகிறது. தைப்பூச நாளில் காலையில் இரு முறையும், விளக்கேற்றிய பின் ஒரு முறையும் அம்மனும் சுவாமியும் தெப்பத்தில் மைய மண்டபத்தைச் சுற்றி வருவார்கள். கரையில் நின்று வடம் பிடிப்பவர்களில் கொத்தனார், ஆசிரியர், கடைச் சிப்பந்தி, விடுமுறைக்கு வந்த மென்பொருள் பொறியாளர் எல்லோரும் இருப்பார்கள். நீரில் மிதப்பதால் தெப்பம் தேரைப் போல் கனப்பதில்லை. ஆனால் எல்லோரும் ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும்.